கினோவா: மின்சார பிரஷர் குக்கரா, சட்டியா, ரைஸ் குக்கரா?

அரிசிக்குப் பதிலாகச் சமைக்கிற பொடித் தானியமான கினோவா, மின்சார பிரஷர் குக்கரில் ஒரே நிமிடத்தில் வெந்துவிடும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பொய் இல்லை, ஆனால் முழுக்கணக்கும் இல்லை. அந்த 1 நிமிடம் அழுத்தம் முழுதாக ஏறிய பிறகு ஓடுவது. ஏறுவதற்கே 8, 10 நிமிடம் ஆகும், வெந்தபின் ஆவி தானாக அடங்க இன்னொரு 10 நிமிடம். சட்டியில் வைத்தால் கொதி வந்ததிலிருந்து 15 நிமிடம், இறக்கி மூடியபடியே 5 நிமிடம். ஆக, நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் பக்கத்தில் நிற்பதில் இருக்கிறது. கினோவாவின் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் உண்டு, அதுதான் சோப்புபோல நுரைக்கிறது. சட்டியில் தீயைக் குறைக்க மறந்தால் அடுப்பெல்லாம் வழிந்து, துடைக்கும் வேலை தனி. மின்சார குக்கரில் பொத்தானை அழுத்திவிட்டு, கீழே போய்ப் பிள்ளையைப் பள்ளிப் பேருந்திலிருந்து கூட்டி வரலாம். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சின்னச் சமையலறையில் சூடும் ஏறாது. ஆனால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் போடாதீர்கள், ஆவியைச் சட்டென்று திறந்தும் விடாதீர்கள், வால்வு வழியாக நுரைத்தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்.

எதில் வைத்தாலும் கழுவியே ஆகவேண்டும். அரிசி களைகிற மாதிரி சாய்த்து ஊற்றினால் பாதி மணி தண்ணீரோடு போய்விடும், அவ்வளவு பொடி. டீ வடிகட்டியைவிடப் பெரிய, கண் நெருக்கமான சல்லடையில் போட்டு, குழாயடியில் நுரை நிற்கும்வரை அலசுங்கள்.

அப்புறம் தண்ணீர். பாக்கெட்டில் 1 கப்புக்கு 2 கப் என்று போட்டிருப்பது பெரும்பாலும் சட்டிக்கான அளவு. மின்சார குக்கரில் ஆவி வெளியே போகாது, ஒன்றேகால் கப் போதும். 2 கப் ஊற்றினால் கிடைப்பது கஞ்சி. சரியாக வெந்த மணியைப் பார்த்தால் கண்ணாடி மாதிரி தெளிந்து, ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்ன வால் சுருண்டு வெளியே வந்திருக்கும். கறுப்பு, சிவப்பு வகைகள் கொஞ்சம் கடினம், மின்சார குக்கரில் 1 நிமிடத்துக்குப் பதில் 2 நிமிடம் வையுங்கள்.

ரைஸ் குக்கரை ஏன் யாரும் பேசுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை, இங்கே அது இல்லாத வீடு எது? ஒன்றேமுக்கால் கப் தண்ணீர், வழக்கமான சோற்றுப் பொத்தான், முடிந்ததும் 10 நிமிடம் திறக்காமல் விடுங்கள். ஒற்றைப் பொத்தான் மாடலில் மூடி ஓரமாகக் கொஞ்சம் துப்பும், அடியில் லேசாகப் பிடிக்கும், அவ்வளவுதான். நம் விசில் குக்கரை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அழுத்தம் அதிகம், விசிலுக்கும் நிமிடத்துக்கும் கணக்கு ஒத்துவராது, நுரை வேறு ஆவித்துளையை அடைக்கப் பார்க்கும்.

எலுமிச்சை, தேங்காய் என்று கிளறுவதற்கு உதிரியாக வேண்டுமென்றால் என் ஓட்டு சட்டிக்கு, அதிலும் ஒருவர் இருவருக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம். வாரத்துக்குச் சேர்த்து வைத்து ஃபிரிட்ஜில் போடுகிறவர்களுக்கு மின்சார குக்கர். பொங்கலுக்கும் அதுவேதான், அங்கே போட்டியே இல்லை: அரைக் கப் கினோவா, அரைக் கப் வறுத்த பாசிப்பருப்பு, 3 கப் தண்ணீர், 8 நிமிடம். குழைவதுதானே அங்கே வேண்டும். மிளகு, சீரகம், இஞ்சியை நெய்யில் தாளித்துக் கொட்டினால் அரிசி இல்லை என்பதை வீட்டில் லேட்டாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்கத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 120 வோல்ட் மெஷினை வரவழைக்காதீர்கள், இங்கே 230 வோல்ட். இன்னொன்று, சாம்பார் வைத்த கேஸ்கெட்டில் அந்த வாசனை எத்தனை கழுவினாலும் போகாது, கினோவா அதை அப்படியே இழுத்துக்கொள்ளும், அதனால் கூடுதலாக ஒரு கேஸ்கெட்டும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.