பாளையங்கோட்டையில் ஒரு நாடகப் படிப்பு: சேரலாமா?

திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று நாடகம் படிக்க ஆசைப்பட்டால், பெரும்பாலும் வெளியூருக்குத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது. திருச்சூரில் காலிகட் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. டில்லியில் 1959-இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. எல்லாமே வீட்டை விட்டுப் போய்ப் படிக்க வேண்டியவை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் மாலை நேரத்தில் நடக்கும் ஓராண்டு நாடகப் பட்டயப் படிப்பைப் பற்றி எழுத அதுவே காரணம். பி.ஏ., பி.எஸ்சி. படித்துக்கொண்டே இதில் சேரலாம். செவ்வாய், வியாழன் மாலைகளில் வகுப்பறைப் பாடம், சனிக்கிழமை முழுக்கக் கூடத்தில் செய்முறை.

சேரலாம் என்பதே எங்கள் முடிவு. செவ்வாய்க்கிழமை கரும்பலகையில் எழுதியது சனிக்கிழமை தரையில் இறங்கிவிடுகிறது. பல இடங்களில் நாடகப் பாடம் என்றால் தேதிகளும் பெயர்களும்தான், இல்லாவிட்டால் ஆண்டுவிழாவுக்கு ஒரு நாடகம் போட்டு முடித்துக்கொள்வார்கள். இங்கே இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார்கள். எந்தப் பாடத்தில் அந்தக் கட்டு அவிழ்கிறதோ, அந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

கட்டு இறுக்கமாக இருக்கும் இடம், மாதவியின் ஆடல் அரங்கேற்றத்தைச் சொல்லும் சிலப்பதிகார அரங்கேற்று காதையை நடத்தும் விதம். புண்ணிய நெடுவரையில், அதாவது புனிதமான உயர்ந்த மலையில் வளர்ந்த, கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ள மூங்கிலை எடுத்து, 24 விரல் அளவில் ஒரு கோல் நறுக்கி, அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அரங்கு அமைத்ததாக அந்தக் காதை சொல்கிறது. அரங்கப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். வாயில்கள் இரண்டு. தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அளந்து போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இங்கே அளக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் தன் பெருவிரல் அகலத்தை 24 முறை வைத்துக் கோல் நறுக்குகிறது. கோல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. அளவுகோலை ஏன் ஒருவர் கையால் மட்டும் எடுக்க வேண்டும் என்பது அப்போதே விளங்கிவிடும். பிறகு ஒரு விரலை ஓர் அங்குலமாகக் கொண்டு 2 அடிக் கோலுக்கு எல்லோரும் வருகிறார்கள். 14 அடி அகலம், 16 அடி நீளம், 2 அடி உயரம், தலைக்கு மேல் 8 அடி. மூலை சதுரமாக வர, நைலான் கயிற்றில் 6, 8, 10 அடியில் முடிச்சுப் போட்டு முக்கோணம் பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு இழுக்கிறார்கள். இந்த 6-8-10 முடிச்சை விட்டுவிட்டுக் கண் மதிப்பில் கோடு போட்ட குழுவுக்குக் கடைசி மூலை அரை அடி விலகிப் போகும்.

கோட்டுக்குள் ஏறி நின்றதும் நூல் பேசத் தொடங்குகிறது. ஒருத்தி ஆடவும் குழலும் யாழும் மத்தளமும் பக்கத்தில் உட்காரவும் அந்த இடம் தாராளம். எட்டுப் பேர் வசனம் பேசி நடக்கும் இன்றைய நாடகத்துக்கு அது நெருக்கடி. கையை உயர்த்தினால் உத்தரம் இடிக்காது, ஈட்டியை உயர்த்தினால் இடிக்கும். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்ற விதியைச் சோதிக்க, நாலு மூலையிலும் கம்பு நட்டு, இருட்டில் ஒரே விளக்கை இடம் மாற்றி வைத்துப் பார்க்கிறார்கள். எழினி என்றால் திரை. ஒரு பக்கமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்து வந்து சேரும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி மூன்றையும் பழைய வேட்டியும் கப்பியும் வைத்துச் செய்கிறார்கள். மூன்றாவதுதான் எப்போதும் சிக்கும். கீழ் விளிம்பில் பாரம் இல்லாவிட்டால் துணி பாதியில் நின்றுவிடும். அரை அங்குல பிவிசி குழாயை விளிம்பு மடிப்புக்குள் செருகினால் நேராக இறங்குகிறது. இப்படி ஒரு சனிக்கிழமையைக் கழித்த பிள்ளை தேர்வில் எழுதும் விடை வேறு மாதிரி இருக்கிறது.

நடிப்புப் பாடம் தொல்காப்பியரின் மெய்ப்பாட்டில், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதில், தொடங்குகிறது. எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களம், அதாவது காரணம், நாலு, ஆக 32. அச்சத்துக்கு அணங்கு என்னும் வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தம் இறையாகிய அரசன். வெகுளி என்னும் கோபத்துக்கு உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடியை நலித்தல்), அலை (அடித்தல், வைதல்), கொலை. பயிற்சி எளிது. “யாரு அங்க?” என்ற ஒரே வரியை நாலு அச்சத்துக்கும் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் எல்லோரும் கண்ணை விரித்து வாயைப் பிளக்கிறார்கள், நாலும் ஒரே அச்சமாக வருகிறது. ஆசிரியர் அங்கே நிறுத்தி, “எதைப் பாத்துப் பயப்படுதே? அது எவ்வளவு தூரத்துல நிக்கி?” என்று மட்டும் கேட்கிறார். கள்வன் என்றால் குரல் தாழ்கிறது, கை கதவைத் தேடுகிறது. விலங்கு என்றால் உடம்பு உறைகிறது, மூச்சு நிற்கிறது. இறை என்றால் பார்வை தரைக்குப் போகிறது. முகத்தைச் செய்யாமல் காரணத்தைப் பிடித்தால் முகம் தானே வரும் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது.

இதற்குப் பிறகே ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வருகிறார். பாத்திரம் எந்தச் சூழ்நிலையில் நிற்கிறது, இந்தக் கணத்தில் அதற்கு என்ன வேண்டும் என்ற அவருடைய கேள்விகள் பிள்ளைகளுக்கு அந்நியமாகப் படுவதில்லை. இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் பாடத்தில் சேர்க்க வேண்டும். தொல்காப்பியம் மெய்ப்பாட்டைச் செய்யுளின் உறுப்பாகச் சொல்கிறதே தவிர, நடிகனுக்கான கையேடாகச் சொல்லவில்லை. அதை மேடைக்குக் கொண்டுவருவது நம்முடைய எடுத்தாளல். வகுப்பில் இதைச் சொல்லாமல் போனால், எல்லாவற்றையும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்ற மிதப்போடு பிள்ளைகள் வெளியே போவார்கள், ஆய்வுக்கு அது உதவாது.

வட்டாரக் கலைப் பாடம் இந்த ஊரில் மட்டுமே இப்படிக் கிடைக்கும். கோயில் கொடைகளில் கதை பாடி ஆடும் கணியான் கூத்துக்கு, குழுத் தலைவராகிய அண்ணாவி ஒருவரே வந்து சொல்லித்தருகிறார். வருகைப் பேராசிரியர்களுக்குக் கொடுக்கும் மதிப்பூதியம் அவருக்கும் உண்டு என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள், அதாவது தோல் பறைகள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் தொய்ந்து ஒலி அமுங்கும், தீயில் காட்டி முறுக்கேற்ற வேண்டும். தீக்கு மிக அருகில் பிடித்தால் தோல் வெடிக்கும். தொலைவில் சுற்றிச் சுற்றிக் காட்டி, அடிக்கொரு தரம் தட்டிக் கேட்பதைச் செய்துதான் கற்க முடியும். வில்லுப்பாட்டில் வலத்தே இருந்து கதையை நடத்துபவர், இடத்தே இருந்து பின்பாடுபவர் என்ற பிரிவை நடிப்புப் பயிற்சிக்கே பயன்படுத்துகிறார்கள். இடத்தே இருப்பவருக்கு அடுத்த வரி முன்கூட்டித் தெரியாது. கேட்டால்தான் “ஆமா” சரியான இடத்தில் விழும். எதிரே நிற்பவர் பேசுவதைக் காதில் வாங்காமல் தன் வசனத்துக்காகக் காத்திருக்கும் நோய்க்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

கோயில் கொடை விழாவுக்கு அழைத்துப் போகும்போது செல்போனில் படம் எடுக்கக் கூடாது என்பது விதி. தாளம் எப்போது ஏறியது, கூட்டம் எங்கே எழுந்து போனது, எங்கே திரும்பி வந்தது, அண்ணாவி எந்த வரியைத் திருப்பிப் பாடினார் என்று நோட்டில் குறிக்க வேண்டும். விடியும்வரை இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கே பெரும் பங்கு. இந்தக் குறிப்பேட்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது. இரண்டாம் பருவத்தில் பாதிப்பேர் நோட்டை மூடிவிடுவதற்குக் காரணம் அதுதான்.

ஆண்டிறுதி நாடகம் மனோன்மணீயம், சுருக்கிய வடிவில். இந்த ஊர்ப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. 1891-இல் சுந்தரம் பிள்ளை வெளியிட்ட இந்தச் செய்யுள் நாடகத்தில், பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்கு வந்து கோட்டை கட்டுகிறான். சூழ்ச்சி செய்யும் அமைச்சன் குடிலன், நாஞ்சில் நாட்டு வயல்களுக்காகச் சேரனோடு பகை, சுந்தர முனிவர் அமைக்கும் சுருங்கை என்னும் நிலத்தடி வழி எல்லாம் உண்டு. ஐந்து அங்கம், இருபது களம். மேடையில் ஏற்றுவதைவிடப் படித்து இன்புறவே ஏற்றதாக அமைந்த நூல் என்பதால், அப்படியே எடுத்துப் போட்டால் கூட்டம் எழுந்து போய்விடும்.

வெட்டும் முறையைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். முதலில் பிரதி முழுவதும் பென்சிலால் கோடு. ஒருவர் மற்றவரிடமிருந்து எதையாவது பெறப் பார்க்கும் வரிக்கு நேர்க்கோடு, செய்தி மட்டும் சொல்லும் வரிக்கு வளைகோடு. வளைகோட்டில் மூன்றில் இரண்டு பங்கு போகலாம். நேர்க்கோட்டில் கை வைக்கக் கூடாது. அடுத்தது மூச்சு. ஆசிரியப்பாவைச் சீர் பிரித்துப் படித்தால் எல்லாக் குரலும் ஒரே ஓதலாகிவிடும், பிள்ளைகள் தவறாமல் அங்கேதான் விழுகிறார்கள். அதற்கு மூன்று படி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியை நெல்லைப் பேச்சில் சொந்த வார்த்தையாகச் சொல்லி நடிப்பது, அதே அசைவுகளோடு செய்யுளை மெதுவாகச் சொல்வது, கடைசியாக வேகத்தைக் கூட்டுவது. பொருள் முடியும் இடத்தில் மட்டும் மூச்சு. குடிலனுக்கு இந்த முறை அபாரமாகப் பொருந்துகிறது. மன்னனைப் புகழ்ந்துகொண்டே வலையில் வீழ்த்தும் பேச்சு அன்றாடப் பேச்சாகவே காதில் விழுகிறது. சுருங்கைக்கு அட்டையில் குகை கட்டாமல், நடிகர்கள் குனிந்து நடக்க, பக்கவாட்டிலிருந்து இடுப்பளவில் ஒரே ஒரு விளக்கு விட்டதும் நல்ல முடிவு.

விளக்கு என்றதும் குறைக்கு வந்துவிட்டோம். ஒளியமைப்புக்கு வகுப்பறைப் பாடம் இருக்கிறது, செய்முறை இல்லை. வாடகைக் கடைக்காரர் வந்து மாட்டுகிறார், அவரே இயக்குகிறார், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். தெரிய வேண்டியவை அதிகமில்லை. பார் (PAR) எனப்படும் 1000 வாட் மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்றுக்கு மேல் போடக் கூடாது. எல்.இ.டி. பார் விளக்கை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வழியாகக் கொடுத்தால் மினுக்கும், அதன் சர்க்யூட்டும் கெடும். அதற்கு டிம்மர் இல்லாத நேரடி இணைப்பு வேண்டும். விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். இணைப்பில், விளக்குக்கு ஏழு சேனல் என்றால் முகவரியை 1, 8, 15, 22 என்று வைக்க வேண்டும். இரண்டு விளக்குக்கு ஒரே முகவரி போட்டால் இரண்டும் சேர்ந்தே எரியும். மைக் கேபிளை டி.எம்.எக்ஸ். கேபிளாகப் பயன்படுத்துவது இங்கே வழக்கம். நீளம் கூடக் கூடக் கடைசி விளக்கு துள்ளும். சரியான கேபிளும் வரிசைக் கடைசியில் 120 ஓம் டெர்மினேட்டர் என்னும் முனைத் தடையும் போட்டால் நிற்கும்.

முகவெளிச்சத்துக்கு 45 பாகை என்று பலகையில் எழுதிப்போட்டால் போதாது. விளக்கு 14 அடி உயரத்தில், முகம் 5 அடியில் என்றால் இடைவெளி 9 அடி. ஆகவே நடிகனுக்கு 9 அடி முன்னால் விளக்கு தொங்க வேண்டும். அந்தக் கூடத்தில் விளக்கு மாட்டும் குழாய் மேடை விளிம்புக்கு மேலேயே இருப்பதால் வெளிச்சம் உச்சந்தலையில் விழுந்து கண்குழி கறுத்துவிடுகிறது. கூடத்துக்குள் இன்னொரு குழாய் மாட்டினால் தீரும் விஷயம் இது.

ஒப்பனைப் பாடம் சுருக்கம், போதும். பழைய நடிகர்கள் பூசிய அரிதாரம் ஆர்சனிக் சேர்மம் என்பதைச் சொல்லி, அதைத் தொடவே விடுவதில்லை. பான்கேக்கை ஈர ஸ்பாஞ்சில் மெல்லிசாக இரண்டு தடவை, காய்ந்தபின் பவுடர், வியர்த்தால் ஒற்றி எடுக்க வேண்டுமே தவிரத் தேய்க்கக் கூடாது. முந்தின நாளே முழங்கை உள்மடிப்பில் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மேடை நிர்வாகம் எதிர்பாராத அளவு நன்றாக இருக்கிறது. பிரதியின் வலப்பக்கம் வசனம், இடப்பக்கம் வெற்றுத்தாள், குறிப்பு எல்லாம் பென்சிலில், ஒவ்வொரு ஒளி ஒலி மாற்றத்துக்கும் எண். “ஏழு, தயார்” என்று சொல்லி, சரியான சொல்லில் “ஏழு, போ”. வலம், இடம் எப்போதும் நடிகனுடைய வலம் இடம்தான். திறந்தவெளியில் போடும்போது மட்டும் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனியிலிருந்து ஆவணிவரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று 20 அடிப் பின்திரையைப் பாய்மரமாக்கிவிடும். ஒரே துணியாகக் கட்டாமல் மூன்று குறுகிய துணிகளாக இடைவெளி விட்டுக் கட்டி, கீழே குழாய் செருகி, மூங்கில் கம்புகளுக்குப் பின்பக்கம் சாய்கயிறு போட்டால் தாங்கும்.

வாரத்தில் இந்த மூன்று நாளும் வர முடியாதவர்கள் சேர வேண்டாம். ஒரு சனிக்கிழமை தவறினால் அடுத்த செவ்வாய்ப் பாடம் பாதி புரியாது. பள்ளி ஆசிரியர்களுக்கும், மேற்கொண்டு நாடகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கும் நல்ல அடித்தளம். டில்லிப் பள்ளி பட்டப்படிப்போடு நாடகங்களில் பங்கேற்ற சான்றையும் கேட்கும் என்பதால், போடும் ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழையும் பெயர்ப் பட்டியலையும் பத்திரப்படுத்த வேண்டும். சேர்க்கைக்குப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் போன ஆண்டு நாடகத்தின் மேடைப் பிரதியைக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஆண்டு விளக்குகளை மாட்டப்போவது பிள்ளைகளா, கடைக்காரரா என்றும் கேளுங்கள். பிள்ளைகள்தான் என்றால் மேலே சொன்ன பெரிய குறை தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.