மோட்டார் கேட் போடுகிறீர்களா? பள்ளத்தை மூடுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள்

மோட்டார் கேட் போட நினைப்பவர்கள் மோட்டாரைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை கிலோ இழுக்கும், ரிமோட் எவ்வளவு தூரத்திலிருந்து வேலை செய்யும், மின்தடை வந்தால் கையால் திறக்க முடியுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். ஏமாற்ற நினைப்பவர் இவை எதிலும் கைவைப்பதில்லை. மண்ணுக்குள் போகிற ஒயரில்தான் கைவைக்கிறார். எங்கள் வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் செய்தது அதைத்தான்.

எங்களுடையது பக்கவாட்டில் நகரும் இரும்புக் கேட். 24 வோல்ட் மோட்டார். வீட்டுச் சுவரில் 230 வோல்ட்டை 24 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. அங்கிருந்து கேட் வரைக்கும் 40 மீட்டர் தூரம் மண்ணுக்கடியில் ஒயர். டிரான்ஸ்ஃபார்மரைக் கேட் பக்கமே வைக்கலாமே என்று கேட்டதற்கு, "24 வோல்ட்தான் வெளியே போகவேண்டும், அதுதான் பாதுகாப்பு" என்றார் ஒப்பந்தக்காரர். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கேட் பக்கம் 230 வோல்ட்டைக் கொண்டுபோவதென்றால் தரமான கேபிளும் ஆழமான பள்ளமும் வேண்டும், அவருக்குச் செலவு கூடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

முதல் மழைக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்தது. கேட் பாதி தூரம் போய் நிற்கும், பிறகு தானாகவே திரும்பி வரும். ஒப்பந்தக்காரர் வந்தார், மோட்டார் பெட்டியைத் திறந்தார், வோல்ட் பார்க்கும் மீட்டரை வைத்தார். 24 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டியது. "பாருங்கள், சப்ளை சரியாக இருக்கிறது. போர்டுதான் போய்விட்டது" என்று, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பலகையைக் காரணம் காட்டி, புதிய போர்டைத் தலையில் கட்டினார். அதே தொல்லை தொடர்ந்தபோது பேட்டரியைச் சொன்னார். கடைசியில் மோட்டாரையே மாற்றவேண்டும் என்றார். ஒவ்வொரு முறையும் அதே மீட்டர், அதே 24.

வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவரும் மீட்டரை அதே இடத்தில்தான் வைத்தார். ஆனால் அதை எடுக்காமல், "இப்போது ரிமோட்டை அழுத்துங்கள்" என்றார். கேட் முனகிக்கொண்டு நகரத் தொடங்கியது. திரையில் எண் சரசரவென்று இறங்கி 16-க்குக் கீழே போய்விட்டது. கேட் நின்றதும் மறுபடி 24. முந்தையவர் செய்த கண்கட்டு வித்தை முழுவதும் அந்த ஒரு நொடியில் வெளிப்பட்டது. மோட்டார் ஓடாதபோது ஒயரில் மின்னோட்டம் பெரிதாக இல்லை. எவ்வளவு மட்டமான ஒயராக இருந்தாலும் அப்போது மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். லோடு ஏறும்போதுதான் ஒயரின் யோக்கியதை தெரியும்.

கணக்கு கடினமானதல்ல. 40 மீட்டர் தூரம் என்றால் போக வர 80 மீட்டர் ஒயர். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில், மின்னோட்டத்துக்கு அது தரும் தடை ஏறக்குறைய 0.55 ஓம். மோட்டார் கிளம்பும்போது 10 ஆம்பியர் இழுத்தால் ஐந்தரை வோல்ட் வழியிலேயே போய்விடும். 24-இல் அது பெரிய இழப்பு. அதே சக்தியை 230 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் சுமார் 1 ஆம்பியர்தான். இழப்பு ஒரு வோல்ட்கூட இருக்காது. ஆக, நல்ல ஒயர் போட்டிருந்தால்கூட இந்த ஏற்பாடு நொண்டியாகத்தான் இருக்கும்.

நல்ல ஒயரும் போடவில்லை. பள்ளத்தைத் தோண்டியபோது ஒரு சாண் ஆழத்திலேயே ஒயர் கிடைத்தது. குழாய் கிடையாது, வீட்டுச் சுவருக்குள் போடும் சாதாரண ஒயர், வெறும் மண்ணில். உறையின் மேல் 2.5 என்று அச்சிட்டிருந்தது. எலெக்ட்ரீஷியன் ஒரு துண்டை வெட்டி, கம்பியைப் பிளேடால் சுரண்டினார். செம்பு நிறம் உரிந்து உள்ளே வெள்ளி போலப் பளபளத்தது. அலுமினியத்தின்மேல் தாமிர முலாம் பூசிய கம்பி. தாமிரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் இது மின்சாரத்தைக் கடத்தும். முனைகளில் திரும்பத் திரும்ப வளைத்தால் எளிதில் ஒடிந்துவிடும். வழியில் ஒரு ஒட்டு வேறு. முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணில் புதைத்திருந்தார்கள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே ஈரமும், அலுமினியம் அரித்த வெள்ளைப் பொடியும். மழைக்கும் தொல்லைக்கும் இருந்த தொடர்பு அதுதான்.

இதையெல்லாம்கூடப் பணநஷ்டம் என்று விட்டுவிடலாம். என்னால் பொறுக்க முடியாதது சென்சார் விஷயம். கேட் மூடும்போது குறுக்கே ஆளோ குழந்தையோ வந்தால் நிறுத்துவதற்காக இரு தூண்களிலும் ஒப்பந்தக்காரர் சென்சார் பொருத்தியிருந்தார். சிவப்பு விளக்குக்கூட எரிந்தது. ஆனால் அதன் சிக்னல் ஒயர் போர்டுக்கு வரவே இல்லை. போர்டில் சென்சாருக்கான இரண்டு முனைகளையும் விரல் நீள ஒயர்த் துண்டால் இணைத்து வைத்திருந்தார். எது குறுக்கே வந்தாலும் 'வழி காலியாக இருக்கிறது' என்றே போர்டு நினைக்கும். நகரும் கேட்டுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் அமெரிக்காவின் யு.எல். 325, ஐரோப்பாவின் ஈ.என். 12453 போன்ற தரநிலைகளே இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஏற்கெனவே மோட்டார் கேட் இருந்தால் இன்றைக்கே பாருங்கள்: கேட் மூடும்போது, பாதையில் நிற்காமல் ஓரமாக நின்று, நீண்ட அட்டை ஒன்றைச் சென்சாருக்குக் குறுக்கே நீட்டுங்கள். கேட் நிற்காவிட்டால் மோட்டாரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

புதிதாகப் போடுகிறவர்கள், ஒயர் வந்து இறங்கியதுமே ஒரு மீட்டர் நீளம் வெட்டி, உறையை உரித்து, ஒரு ஒயருக்குள் இருக்கும் கம்பி முழுவதையும் எடைபோட்டுப் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் சுத்தத் தாமிரம் என்றால் 22 கிராம் இருக்கவேண்டும். முலாம் பூசியது அதில் பாதிகூட வராது. நகையை உரசிப் பார்த்தால் நகைக்கடைக்காரர் கோபித்துக்கொள்கிற மாதிரி ஒப்பந்தக்காரரும் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். பள்ளம் திறந்திருக்கும்போதே ஆழத்தோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஒயரையும் மின்சார ஒயரையும் ஒரே குழாயில் திணிக்க விடாதீர்கள். வேலை முடிந்ததும், கேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் காட்டும் அளவைக் கேளுங்கள். அதன் பிறகே கடைசித் தவணை.

எங்களுக்கு இப்போது எர்த்தோடு சேர்ந்த, இரும்புக் கவசம் கொண்ட ஆர்மர்டு கேபிள் அரை மீட்டருக்குக் கீழே போயிருக்கிறது. வீட்டு முனையில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., டிரான்ஸ்ஃபார்மர் கேட் பக்கம். 'பழுதான' பழைய போர்டைச் சோதனைக்காக மாட்டிப் பார்த்தார் எலெக்ட்ரீஷியன். அதுவே இன்றும் ஓடுகிறது. புதிய போர்டுக்கும் பேட்டரிக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "எலெக்ட்ரானிக்ஸ் பொருள், திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ஒப்பந்தக்காரர் கைவிரித்துவிட்டார். சுரண்டிய கம்பித் துண்டு, பள்ளத்தின் படங்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறோம்.