பிஎச்டி சேரும் முன் அந்த லேபை விட்டுப் போனவர்களிடம் பேசுங்கள்

நல்ல கட்டுரைகள், நல்ல கருவிகள், பெயரெடுத்த பேராசிரியர். எல்லாம் பார்த்துத்தான் அந்த வேதியியல் லேபில் சேர்ந்தேன். உள்ளே போனதும் தெரிந்தது, அங்கே எல்லாமே கைடின், அதாவது ஆய்வு வழிகாட்டியான அந்தப் பேராசிரியரின், கையெழுத்தில்தான் நிற்கிறது. ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய். ஆனால் வருகைச் சான்றில் அவர் கையெழுத்துப் போடாமல் பணம் வராது. ஞாயிறு லேபுக்கு வரவில்லை, அவர் பையனின் பள்ளி ப்ராஜெக்டை முடித்துத் தரவில்லை என்றால் அந்தத் தாள் மேசையிலேயே கிடக்கும். வாடகைக்கு அப்பாவிடம் கை நீட்டினேன்.

கட்டுரை விஷயத்தில்தான் வயிறு எரிந்தது. ஆய்விதழிலிருந்து கட்டுரையின் இணை ஆசிரியர்களுக்கு வரும் மின்னஞ்சலைத் திறந்தேன். சாம்பிள் தயாரித்தது நான், அதன் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி எடுத்தது நான், படங்கள் நான் கொடுத்த அதே நிறங்களில் இருக்கின்றன. முதல் பெயர் மட்டும் எங்கள் லேபில் கால் வைக்காத ஒருவருடையது. கைடிடம் கேட்டதற்கு, "உன் சினாப்சிஸ்ல யார் கையெழுத்துப் போடணும்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார். தீசிஸுக்கு முன் கொடுக்கும் ஆய்வுச் சுருக்கம்தான் சினாப்சிஸ்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், கைடு நேரில் சொல்வதை அன்றே "நீங்கள் சொன்னபடி" என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். லேப் நோட்டில் தேதி போடாமல் விடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2022 பிஎச்டி விதிப்படி செமஸ்டருக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். பல இடங்களில் அது டீ, பிஸ்கட்டோடு முடிகிறது. அப்படி விடாதீர்கள், எந்த வேலையை நீங்கள் செய்தீர்கள் என்பது அறிக்கையில் ஏற வேண்டும். என்னைக் காப்பாற்றியது அதுதான். குழுவிலிருந்த பேராசிரியை ஒருவர் பழைய அறிக்கைகளை விரித்து வைத்துப் பேசிய பிறகே எனக்கு கைடு மாற்றம் கிடைத்தது.

"இன்னும் ரெண்டு பேப்பர் வந்தால்தான் தீசிஸ்" என்றால் பயப்படாதீர்கள். அதே 2022 விதி கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதும் வைத்திருக்கிறதா என்று அதன் விதிப்புத்தகத்தை நீங்களே படியுங்கள். இழுத்தடித்தால் நட்டம் உங்களுக்குத்தான். ஆறு ஆண்டுதான் வரம்பு, அதற்கு மேல் மறுபதிவு செய்ய வேண்டும்.

அப்புறம், சேரப் போகிறவர்கள் கைடு கைகாட்டும் சீனியரிடம் மட்டும் விசாரிக்காதீர்கள். கைடின் பழைய கட்டுரைகளில் உள்ள மாணவர் பெயர்களை, இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் தேடுங்கள். தீசிஸ் இல்லாத பெயர்கள் இருந்தால் அவர்களைப் பிடித்துக் கேளுங்கள், பணம் மாதாமாதம் வந்ததா, ஏன் விட்டுப் போனீர்கள் என்று.