சோதனைச் சட்டகத்தை எந்தக் களஞ்சியத்தில் வைப்பது: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சி++ மொழியில் எழுதப்பட்ட ஒரு திறமூல லைப்ரரியின் பராமரிப்பில் பல ஆண்டுகளாகப் பங்கேற்று வருகிறேன். இந்தக் காலத்தில் எங்கள் சோதனைச் சட்டகம் முதலில் மூலநிரலோடு ஒரே களஞ்சியத்திலும் (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமிக்கும் இடம்), பிறகு சப்மாட்யூலாக, அதாவது ஒரு களஞ்சியத்திலிருந்து இன்னொன்றைச் சுட்டும் இணைப்பாக, சேர்க்கப்பட்ட தனிக் களஞ்சியத்திலும் இருந்துவிட்டு, இப்போது பெரும்பகுதி மறுபடி உள்ளே வந்திருக்கிறது. சட்டகம் என்று ஒரே சொல்லில் குறிப்பிட்டாலும் அதற்குள் சோதனைகளை ஓட்டும் கருவி, அவற்றுக்கான துணைச் செயற்கூறுகள், சோதனைகள், சோதனைத் தரவு என நான்கு வேறு பொருள்கள் அடங்கியிருக்கின்றன. இவை நான்கும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு பேசுவதால்தான் இது பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் முடிவுக்கு வராமல் சுற்றிச் சுற்றி வருகின்றன என்பது என் கருத்து.

மூலநிரலோடு சேர்த்து வைப்பதன் பலன், அது இல்லாமல் போனபோதுதான் முழுமையாகப் புரிந்தது. வழு ஒன்றைத் திருத்தும் கமிட்டிலேயே (களஞ்சியத்தில் பதிவாகும் ஒரு மாற்றம்) அதற்கான சோதனையும் வந்துவிடும். மதிப்பாய்வு செய்பவர் இரண்டையும் ஒரே பார்வையில் படிப்பார். பழைய வெளியீட்டைத் தனியே பராமரிக்கும் கிளைக்கு அந்தத் திருத்தத்தை எடுத்துச் செல்லும்போது சோதனையும் கூடவே போகும். இத்தகைய களஞ்சியங்களை நிர்வகிக்கும் மென்பொருளான கிட், தன் சோதனைகளையும் அவற்றுக்கான ஷெல் துணை நிரல்களையும் 'டி' என்ற அடைவில் தன் களஞ்சியத்திலேயே வைத்திருக்கிறது. சி மொழியில் அலகுச் சோதனைகள் எழுத, லிப்கிட்2 என்ற லைப்ரரி பயன்படுத்திவந்த கிளார் என்ற சிறு சட்டகத்தைத் தேர்ந்தெடுத்தபோதும், அதன் நிரலைத் தன் களஞ்சியத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டது. இதனால் எந்தப் பழைய கமிட்டுக்குத் திரும்பிச் சென்றாலும், அந்த நாளின் நிரலுக்குப் பொருந்தும் அந்த நாளின் சட்டகமே கையில் கிடைக்கிறது. பைசெக்ட் செய்து, அதாவது கமிட்டுகளின் வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துச் சோதித்து, வழுவின் தொடக்கத்தைத் தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

நாங்கள் சட்டகத்தைப் பிரித்ததற்கும் நியாயமான காரணம் இருந்தது. எங்கள் துணைச் செயற்கூறுகளைத் தாங்களும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டு உறவுத் திட்டங்கள் கேட்டன. ஆனால் பிரித்த பிறகு, நிரலின் நடத்தையை மாற்றும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) தேவைப்பட்டன. முதலில் எதைச் சேர்த்தாலும், மற்றது சேரும்வரை சிஐ, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பு, தோல்வியையே காட்டும். புதிதாக வரும் பங்களிப்பாளர் சப்மாட்யூல்களையும் சேர்த்து குளோன் செய்யும் (களஞ்சியத்தை நகலெடுக்கும்) விருப்பத் தேர்வை மறந்துவிட்டு, வெற்று அடைவைப் பார்த்துக் குழம்புவார். இதைவிடப் பெரிய சிக்கல் வேறிடத்தில் இருந்தது. கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் மூலநிரல் தொகுப்புக் கோப்பில் சப்மாட்யூல்களின் உள்ளடக்கம் இருக்காது. ஆகவே அந்தக் கோப்பிலிருந்து பொதிகளை உருவாக்கும் லினக்ஸ் வழங்கல்களின் பராமரிப்பாளர்களால் எங்கள் சோதனைகளை ஓட்டவே முடியவில்லை. நாங்கள் காணாத கணினிக் கட்டமைப்புகளில் நிரலைக் கட்டிப் பார்ப்பவர்கள் அவர்களே என்பதால், இழப்பு எங்களுக்குத்தான்.

வெளியே வைப்பதே சரியாக அமையும் இடங்களும் இருக்கின்றன. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இரண்டு முறையையும் அருகருகே பார்க்கலாம். 2020 ஜனவரியில் வெளியான 5.5 பதிப்பில் சேர்க்கப்பட்ட கேயூனிட் என்ற சோதனைச் சட்டகம், கெர்னலின் உட்செயற்கூறுகளை நேரடியாக அழைப்பது. அவை எந்த முன்னறிவிப்பும் இன்றி மாறக்கூடியவை என்பதால் அது கெர்னல் களஞ்சியத்துக்கு உள்ளேதான் இருக்க முடியும். லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் எனப்படும் எல்டிபி, நிலையானவை என்று உறுதியளிக்கப்பட்ட சிஸ்டம் அழைப்புகளின் (பிற நிரல்கள் கெர்னலிடம் சேவை கேட்கும் வழிகள்) வழியே சோதிப்பதால், தனிக் களஞ்சியத்தில் இருந்துகொண்டு பல கெர்னல் பதிப்புகள் மீது ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் இயந்திரங்களுக்கான டெஸ்ட்262 என்ற சோதனைத் தொகுப்பு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு: அது சோதிப்பது ஒரு விவரக்குறிப்பை, அதைப் பின்பற்றும் இயந்திரங்கள் பல, அவற்றுள் எதன் களஞ்சியத்தில் வைத்தாலும் மற்றவற்றுக்குப் பொருந்தாது.

ஓப்பன்ஸ்டாக் என்ற மேகக் கணிமை மென்பொருளின் சோதனைத் தொகுப்பான டெம்பெஸ்ட் இதே காரணத்தால் வெளியீட்டுக்கு ஒரு கிளை என்று வைத்துக்கொள்வதில்லை. ஒரே நிரல், ஆதரவிலுள்ள எல்லா வெளியீடுகளையும் சோதிக்கிறது. அதற்கான செருகுநிரல்களோ கிளைகள் கொண்ட திட்டங்களின் களஞ்சியங்களுக்குள் இருந்தன. இந்தப் பொருத்தமின்மையை நீக்க, செருகுநிரல்களைத் தனிக் களஞ்சியங்களுக்கு மாற்றுவதை 2018இல் வந்த குவீன்ஸ் வெளியீட்டின் பொது இலக்குகளில் ஒன்றாகவே அந்தச் சமூகம் வைத்தது.

ஆகவே நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றே: இந்தச் சோதனை நிரலின் ஒரு பதிப்போடு பிணைந்ததா, பல பதிப்புகளுக்கும் பொதுவானதா? பிணைந்தது உள்ளே இருக்கட்டும். பொதுவானது வெளியே போகலாம். துணைச் செயற்கூறுகளைப் பொறுத்தவரை, வேறொரு திட்டம் அவற்றை உண்மையிலேயே பயன்படுத்தத் தொடங்கி, அவற்றைத் தனியாகப் பராமரிக்க ஓர் ஆளும் முன்வரும்வரை பிரிக்கவே கூடாது என்பேன். பிறர் பயன்படுத்தத் தொடங்கினால், களஞ்சியத்துக்குள் இருப்பதுகூடப் பொது இடைமுகமாகிவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளின் 15 பதிப்பில் பெர்ல் சோதனைத் துணை மாட்யூல்களின் பெயர்கள் மாறியபோது, அவற்றை நம்பியிருந்த நீட்சிகளுக்கு உதவியாகப் புதிய பெயர்களைப் பழைய கிளைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டியிருந்தது.

பிறர் எழுதிய சட்டகம் தனிக் கதை. நாங்கள் பயன்படுத்தும் கூகுள்டெஸ்ட் என்ற சி++ சோதனைச் சட்டகம், நம் நிரலைத் தொகுக்கும் அதே கம்பைலர் தெரிவுகளோடு தொகுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் விளங்காத பிழைகள் வரும். அதை சிமேக் என்ற பில்ட் கருவி வழியே இணையத்திலிருந்து இறக்குவது வசதிதான், ஆனால் பொதிகளைக் கட்டும் கணினிகளில் இணைய இணைப்பு பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. சிமேக் 3.24 முதல், கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொதியை முதலில் தேடி, இல்லாதபோது மட்டும் குறித்துவைத்த பதிப்பை இறக்கும்படி ஒரே அறிவிப்பில் எழுத முடிகிறது. எங்களுக்கு இதுவே ஒத்துவந்தது.

தரவு விஷயத்தில் நான் கடுமையானவன். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் வைக்கப்பட்ட பின்கதவின் தீங்கு நிரல், சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்தில் சேர்க்கப்பட்ட இருமக் கோப்புகளுக்குள்தான் ஒளிந்திருந்தது. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்த ஒரு பில்ட் நிரல் அதை வெளியே எடுத்தது. அதன் பிறகு, இருமக் கோப்புகளை உருவாக்கும் நிரல்துண்டை மட்டுமே உள்ளே ஏற்கிறோம். அப்படி உருவாக்க முடியாத பெரிய மாதிரிகள் வெளியே ஒரு சேமிப்பகத்தில் இருக்கின்றன. அவை மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்புகள் களஞ்சியத்தில் உள்ளன. அவை கிடைக்காதபோது அந்தச் சோதனைகள் தோற்பதில்லை, தவிர்க்கப்படுகின்றன. உறவுத் திட்டங்களில் ஒன்று இன்னமும் எங்கள் துணைச் செயற்கூறுகளைப் பயன்படுத்துவதால், அந்தச் சிறு பகுதி மட்டும் பதிப்பு எண்ணிட்ட தனிப் பொதியாகத் தொடர்கிறது.