பி.ஓ. ஆவது எந்த வழியில்? எஸ்.பி.ஐ., ஐ.பி.பி.எஸ்., கட்டணம் கட்டிச் சேரும் தனியார் திட்டம்

வங்கி அதிகாரியாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட பட்டதாரிக்கு இன்று முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. பாரத ஸ்டேட் வங்கி (எஸ்.பி.ஐ.) தனக்கென்று நடத்தும் பி.ஓ., அதாவது பயிற்சிநிலை அதிகாரி, தேர்வு ஒன்று. மற்றப் பதினோரு பொதுத்துறை வங்கிகளுக்கும் பொதுவாக, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வு இன்னொன்று. அதன் அறிவிக்கையில் ‘புரொபேஷனரி ஆபீசர் / மேனேஜ்மென்ட் டிரெய்னி’ என்று இரண்டு பெயர்களும் இருக்கும், வேலை ஒன்றுதான். மூன்றாவது, தனியார் வங்கிகள் கல்வி நிறுவனங்களோடு கைகோத்து நடத்தும், நாம் கட்டணம் கட்டிப் படித்துச் சேரும் திட்டங்கள். ஐசிஐசிஐ வங்கி மணிப்பால் குழுமத்தோடு சேர்ந்து நடத்தும் திட்டம் இதில் பலருக்கும் தெரிந்தது. ஆக்சிஸ், எச்.டி.எஃப்.சி. போன்றவையும் இதே பாணியில் ஆள் எடுத்திருக்கின்றன.

வீடுகளில் இந்தப் பேச்சு ‘கவர்மென்ட் வேலையா, பிரைவேட்டா’ என்று தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. கிளைகளில் நெடுநாள் குப்பை கொட்டியவன் என்ற முறையில் நான் இரண்டே கேள்விகளை முன்வைப்பேன். முதல் இரண்டு ஆண்டுகளில் எந்த வழி உங்களைக் கடன் மேசையில் உட்காரவைக்கும்? பிடிக்கவில்லை என்று வெளியேற நினைத்தால் எதில் எவ்வளவு செலவாகும்?

சம்பளத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் சொல்ல அதிகம் இல்லை. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தின்படி பொதுத்துறை வங்கியின் முதல்நிலை அதிகாரிக்கு அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாயில் தொடங்குகிறது. எஸ்.பி.ஐ. தன் பி.ஓ.க்களுக்கு நான்கு ஊதிய உயர்வுகளை முன்கூட்டியே கொடுப்பதால் அங்கே தொடக்கம் 56,480. இதன் மேல் பஞ்சப்படியும், வங்கி வாடகை தரும் வீடு போன்ற வசதிகளும் சேரும். கட்டணத் திட்டங்களில் தொடக்கச் சம்பளம் பொதுவாக இதைவிடக் குறைவு; அதிலும் ஒரு பகுதி கல்விக் கடன் தவணைக்குப் போகும்.

பெற்றோர்களுக்கு இரண்டு செய்திகள். ‘பென்ஷன் உண்டு’ என்று நீங்கள் நினைக்கும் பழைய ஓய்வூதியம் 2010க்குப் பின் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. அவர்கள் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில்தான் வருகிறார்கள்; அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 14 சதவீதத்தை வங்கி செலுத்துகிறது. அடுத்தது, ஊழியருக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும் வீட்டுக் கடன். அந்த வட்டிச் சலுகைக்கு வருமான வரி உண்டு என்பதை 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. சலுகை இன்னும் நல்ல சலுகைதான். இலவசம் மட்டும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். வங்கி என்பது அடிப்படையில் பணத்தைக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கும் தொழில். கணக்குத் தொடங்குவது, பாஸ்புக் பதிவது, டெபாசிட் திரட்டுவது, இன்ஷூரன்ஸ் விற்பது எல்லாம் ஓராண்டில் யாருக்கும் பழகிவிடும். ஒரு ஆளையும் அவர் தொழிலையும் பார்த்து, இவருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எப்படித் திரும்பி வரும் என்று கணிக்கும் திறன்தான் ஒருவரை வங்கியாளர் ஆக்குகிறது. பத்து ஆண்டு கழித்து இன்னொரு வங்கி உங்களை விரும்பி அழைத்தால், பெரும்பாலும் இதற்காகத்தான் அழைக்கும்.

பொதுத்துறை வங்கியில் புதிய பி.ஓ.வை ஒரு கிராமப்புறக் கிளையில் போட்டால் அவருக்கு இது சீக்கிரமே கிடைக்கிறது, பல நேரம் அவர் விரும்பாமலே. ஆள் பற்றாக்குறைதான் காரணம். மேலாளர், ஒரு அதிகாரி, ஓரிரு எழுத்தர்கள் என்று ஓடும் கிளையில் அந்த ஒரு அதிகாரி நீங்கள். காலையில் பெட்டகச் சாவிகளில் ஒன்று உங்கள் கையில் இருக்கும். எழுத்தர் பதிவதை நீங்கள் சரிபார்த்து அனுமதிக்க வேண்டும். நகை மதிப்பீட்டாளர் எடை போட்டுச் சொல்வதை வைத்து நகைக்கடன் கொடுக்க வேண்டும். அதிலும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதிகளைத் திருத்தி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றது. மகளிர் சுயஉதவிக் குழு, முத்ரா, கிசான் கடன் அட்டை என்று மதியம் முழுவதும் கோப்புகள். நில ஆவணங்களான சிட்டாவும் அடங்கலும் படிக்கத் தெரியாமல் சேர்ந்த பிள்ளைகள் ஆறு மாதத்தில் வில்லங்கச் சான்றைப் புரட்டிக் குறை கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு விலை இருக்கிறது. பயிற்சி மைய விளம்பரங்களில் அது வருவதில்லை. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகிறது. அப்போது பரிந்துரைத்தது யார், அனுமதித்தது யார், ஆய்வு செய்தார்களா என்று விசாரணை வரும். மேலதிகாரி அவசரப்படுத்தினார் என்பது பதிலாகாது. காகிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. இந்த அச்சத்திலேயே கோப்பைத் தொடாமல் ஒதுங்கும் அதிகாரிகளும் உண்டு. அவர்களுக்குத் தொழில் வருவதில்லை.

தனியார் திட்டத்தில் படம் வேறு. வகுப்பறைப் பயிற்சி பொதுத்துறையைவிட ஒழுங்காக இருக்கும். சில மாதம் வளாகத்தில் படிப்பு, பிறகு கிளையில் பயிற்சி, முடிவில் ஒரு முதுநிலைப் பட்டயம். பேச்சுப் பழக்கம், உடை, மென்பொருள் எல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் பணியில் சேர்ந்ததும் பெரும்பாலோருக்குக் கிடைப்பது வாடிக்கையாளர் உறவு, கிளைச் சேவை, விற்பனை. அதாவது சேமிப்புக் கணக்கு, கிரெடிட் கார்டு, இன்ஷூரன்ஸ் இலக்குகள். கடன் பரிசீலனை பெரும்பாலும் கிளைக்கு வெளியே, அதற்கென்று தனியாக உள்ள குழுவில் நடக்கிறது. கிளையில் இருப்பவர் ஆவணம் வாங்கி அனுப்புவதோடு சரி. விற்பனை பிடித்தவருக்கு இது குறையே இல்லை. நன்றாக விற்பவர் தனியாரில் ஏறும் வேகத்தைப் பொதுத்துறையில் நினைத்தும் பார்க்க முடியாது. பொதுத்துறையில் இலக்கே இல்லை என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்ஷூரன்ஸ் இலக்கு அங்கும் உண்டு, காலைக் கூட்டத்தில் மண்டல அலுவலகத்தின் குரலும் உண்டு. வேறுபாடு, இலக்கு தவறினால் என்ன ஆகும் என்பதில்தான். ஒன்றில் திட்டும் இடமாற்றமும். மற்றொன்றில் மதிப்பீடு சரிந்து வேலைக்கே ஆபத்து. தேர்ந்தெடுத்த தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் பணியாளர் விலகல் விகிதம் ஏறக்குறைய 25 சதவீதம் என்று ரிசர்வ் வங்கியே 2024 டிசம்பர் அறிக்கையில் கவலைப்பட்டிருக்கிறது.

வெளியேறும் செலவுக்கு வருகிறேன். எஸ்.பி.ஐ. பி.ஓ. சேரும்போது, 3 ஆண்டுகள் பணிபுரிவதாக 2 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஐ.பி.பி.எஸ். வழியில் தொகையும் காலமும் வங்கிக்கு வங்கி மாறும். இது இடையில் விலகினால் மட்டுமே விழும் செலவு. தனியார் திட்டத்தில் சேரும் அன்றே சில லட்சம் ரூபாய் கட்டணம் விழுந்துவிடுகிறது. கடன் வாங்கியிருந்தால் வேலையை விட்ட பிறகும் தவணை தொடரும். கையில் இருக்கும் பட்டயத்துக்கு வெளியே எவ்வளவு மதிப்பு என்பது வேறு கேள்வி. இருபத்திரண்டு வயதில் வருமானம் வருமுன் கடன் எடுப்பதை நான் எளிதாகச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆனால் தேர்வு எழுதிக்கொண்டே இருப்பதும் செலவுதான். எஸ்.பி.ஐ. 2023இல் 2,000 பேரை எடுக்க அறிவித்தது. 2024இல் 600, 2025இல் 541. அதே 2025இல் ஐ.பி.பி.எஸ். அறிவித்த இடங்கள் 5,208. எழுதுவோர் லட்சக்கணக்கில். பொதுப் பிரிவினருக்கு எஸ்.பி.ஐ. தேர்வில் 4 வாய்ப்புகள், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 7. இரு தேர்வுகளுக்கும் வயது வரம்பு பொதுவாக 30. அறிவிக்கையிலிருந்து பணியில் சேரும்வரை ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிடும். மெயின் தேர்வைத் தாண்டாமலே மூன்று ஆண்டுகள் போயிருந்தால், நான்காவது ஆண்டை அதே அறையில் அதே புத்தகத்தோடு கழிப்பதைவிடக் கரூர் வைஸ்யா, சிட்டி யூனியன், தமிழ்நாடு மெர்க்கன்டைல் போன்ற நம் ஊர்த் தனியார் வங்கிகளின் ஆள்சேர்ப்பைக் கவனிப்பது புத்திசாலித்தனம். தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கலாம். ஆனால் வியாபாரிக்கும் சிறுதொழிலுக்கும் கடன் கொடுத்தே வளர்ந்த வங்கிகள் அவை. கடன் மேசை அங்கே எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இடமாற்றம் பற்றிச் சுருக்கமாக: எஸ்.பி.ஐ.யும் சரி, ஐ.பி.பி.எஸ். வங்கிகளும் சரி, நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பும். இந்தியன் வங்கியும் ஐ.ஓ.பி.யும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை என்பதற்காக முதல் நியமனம் தமிழ்நாட்டில் என்று நம்பி வங்கி விருப்பத்தை வரிசைப்படுத்தாதீர்கள். இந்தி தெரியாமல் பீகார் கிராமக் கிளையில் கடன் வசூலுக்குப் போவது முதல் ஆண்டில் வதைதான். வீட்டைவிட்டு நகரவே முடியாத சூழல் உள்ளவர்கள் கிளார்க் தேர்வைக் கீழாக நினைக்க வேண்டியதில்லை. அது மாநில வாரியாக நடக்கிறது, அதிலிருந்து அதிகாரியாகப் பதவி உயர்வும் உண்டு.

ஆக என் வரிசை: எஸ்.பி.ஐ., ஐ.பி.பி.எஸ். இரண்டும் கிடைத்தால் எஸ்.பி.ஐ. வேலைப் பளு அதிகம் என்று அங்கிருப்பவர்களே புலம்புவார்கள். இருந்தாலும் கற்கும் பரப்பு பெரிது. எஸ்.பி.ஐ. கிடைக்கவில்லை என்றால் ஐ.பி.பி.எஸ். வாய்ப்பைத் தயங்காமல் எடுங்கள், அடுத்த எஸ்.பி.ஐ. தேர்வுக்காக அதை விட வேண்டாம். கட்டணத் திட்டம், விற்பனை உண்மையிலேயே பிடித்தவர்களுக்கும், கடன் வாங்காமல் கட்டணம் கட்டக் கூடியவர்களுக்கும் மட்டும்.

இதற்கிடையில் கட்டணத் திட்டத்தின் சேர்க்கைக் கடிதம் கையில் இருக்கிறது, ஐ.பி.பி.எஸ். மெயின் முடிவு வர இரண்டு மாதம் இருக்கிறது என்றால் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். அடுத்த அணி எப்போது, இந்தக் கடிதம் அதுவரை செல்லுமா, கட்டிய பின் விலகினால் எவ்வளவு திரும்ப வரும், பயிற்சி முடிந்ததும் என்ன பதவி, எந்த ஊர் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். தொலைபேசியில் சொல்லப்படும் உறுதிமொழிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.