கல்யாணம் ஊரிலா, கரையேறிய பிறகா?

19-ஆம் நூற்றாண்டில் வட போர்ச்சுகலிலிருந்தும் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் பிழைக்கப் போன ஆண்களில் பெரும்பாலோர் பிரேசிலுக்குத்தான் கப்பலேறினார்கள். அங்கிருப்பவருக்கு ஊரில் பெண் பார்த்துப் பேசி முடித்தால், அவளுக்கு இரண்டு வழி.

ஒன்று, பதிலாள் கல்யாணம். மாப்பிள்ளை அதிகாரப் பத்திரம் அனுப்புவார். ஊர்க்கோயிலில் பாதிரியார் முன்னால் அவருடைய அண்ணனோ மாமாவோ நின்று, அவர் பெயரில் சம்மதம் சொல்வார். கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது முழுக் கல்யாணமேதான். பெண் மனைவியாகவே கப்பலேறலாம். ஊர் வாய்க்கும் வேலையில்லை. சரி, இறங்கிப் பார்த்தால் ஆள் சொன்ன மாதிரி இல்லையென்றால்? விவாகரத்துச் சட்டம் போர்ச்சுகலுக்கு வந்ததே 1910-இல், பிரேசிலுக்கு 1977-இல்! மாட்டினால் மாட்டியதுதான்.

இன்னொன்று, வாக்கை நம்பிப் போய், ஆளைப் பார்த்த பிறகு மணப்பது. மறுக்கலாம், பேச்சளவில். பயணச் செலவு அவர் கொடுத்ததாக இருந்தால் திரும்பி வரக் காசு ஏது?

அண்ணனோ அத்தையோ கூடப் போனால் இரண்டாவதுதான் மேல் என்பேன். அங்கே சொந்தமென்று யாருமில்லாதவளுக்கு முதலாவது. மனைவி என்று சொல்லிக்கொள்ள ஒரு காகிதமாவது கையில் இருக்கும்.