கல்குடாவில் ரஷ்யன் வகுப்பு, போகலாமா?

பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் எண்ணெய் மசாஜ் செய்கிறேன். சீசனில் ரஷ்யர், போலந்துக்காரர், செக் நாட்டார் என்று வருவார்கள், "கையைத் தாங்க" என்று கேட்கக்கூடத் தெரியாமல் சைகையிலேயே பிழைப்பு ஓடியது. அதனால்தான் கல்குடாவில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும் பின்னேர வகுப்பில் சேர்ந்தேன். 8 கிழமை, 12,000 ரூபா. டீச்சர் மாஸ்கோவில் படித்தவர், விடுதியில் போலந்துப் பிள்ளைகளோடு இருந்தவர்.

சேருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டாம் கிழமை ஒரு நாள் முழுக்க ஒரே சொல்தான், கை. ரஷ்யனில் ருக்கா. ('ருகா' என்று எழுதினால் நம்மாள் 'ருஹா' என்று வாசிப்பான், அதனால் க் கட்டாயம், இதற்கே பத்து நிமிடம் போனது.) தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ருக்காதான், நம்முடைய 'கை' மாதிரியே, ஆங்கிலத்தில் போல இரண்டு துண்டாக்குவதில்லை. உக்ரைன், செக், செர்பியா எல்லாவற்றிலும் ருக்கா, ஸ்லோவேனியாவில் ரோக்கா, பல்கேரியர் முதல் உயிரை அரைவாசி விழுங்கிவிடுவார்கள். போலந்தில் மட்டும் ரெங்கா. இந்த 'ங்' எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன்.

"வரல்ல மகன், அது முந்தியே இருந்தது, மத்தவங்கதான் துலைச்சிட்டாங்க."

பழைய ஸ்லாவில் (ரஷ்யன், போலந்து எல்லாம் ஸ்லாவ் மொழிக் குடும்பம்தான்) மூக்கால் சொல்லும் உயிரெழுத்து இருந்திருக்கிறது, அதற்குத் தனி எழுத்துக்கூட இருந்தது. ஸ்லாவுக்கு ஒன்றுவிட்ட சொந்தமான லித்துவேனியனில் கை இன்னும் ரங்காதான், அங்கே 'ரிங்க்தி' என்றால் பொறுக்கிச் சேர்ப்பது. பொறுக்குகிற சாமான்தான் கை! எண்ணெய்க் கையோடு வேலை செய்கிற எனக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது.

காலுக்கு ரஷ்யனில் 'நொகா' என்று எழுதி 'நகா' என்கிறார்கள். முன்னொரு காலத்தில் அது விலங்கின் நகமோ குளம்போ. சமஸ்கிருத 'நக'வும் அதே குடும்பம், அது வழியாக வந்ததுதான் நம் நகம். செக், உக்ரைன் பக்கம் 'நொஹா', நாம் க-வை ஹ ஆக்குவதுபோல.

இனிக் குறை. ருக்காவில் அழுத்தம் கடைசியில், ஆனால் 'கையை' என்று சொல்லும்போது அது முன்னுக்குத் தாவி ரூக்கு ஆகிவிடும். தமிழனுக்கு இது வராத சங்கதி, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், ஏழாம் கிழமைதான் சொன்னார், அதுவரை எத்தனை ரஷ்யரிடம் பிழையாகச் சொல்லியிருப்பேனோ. போட்டோகொப்பியும் மங்கல், பாதி எழுத்து ஊகம்தான்.

போன கிழமை ஒரு போலந்து அம்மாவிடம் 'ரெங்கே' (கையை) என்றேன். மூடிய கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை நீட்டினார், டிப்ஸும் வழமையைவிடக் கூட.

அடுத்த வகுப்பு மாசியில் தொடங்குகிறது. விறாந்தையில் நுளம்பு அதிகம், ஏதாவது பூசிக்கொண்டு போங்கள்.